கிழிந்துபோன பலகாரப் பக்கம்

அருணகிரி மிட்டாய்க் கடையில் வியாபாரம் படுத்துவிட்டது. “ஊருக்கு என்ன பலகாரம் வேணும்னு கேட்டுப் பாக்கலாமே முதலாளி” என்று, பெட்டி கட்டும் செண்பகம் வாய் தவறிச் சொல்லிவிட்டாள்.

அருணகிரிக்குச் சுருக்கென்றது. “பரம்பரைக் கடை, போறவன் வர்றவன்கிட்ட கேக்கணுமா? ஒருத்தர்கிட்டயும் வாயைத் திறக்காம நீயே கண்டுபிடி. முடியலேன்னா வேலைக்கு வராதே!”

செண்பகம் நேராகக் கிளை நூலகத்துக்குப் போனாள். அருணகிரி தினமும் ஓசியில் பேப்பர் படிக்கிற இடம்தான் அது. பழசும் புதுசுமாக வார இதழ்களை அடுக்கிவைத்துச் சாயங்காலம் வரை புரட்டினாள்.

மறுநாள் கல்லா முன்னால் வந்து நின்றாள்.

“நம்ம ஊர்ல பிடிச்ச சமையல் குறிப்பை யாரும் எழுதி எடுக்க மாட்டாங்க முதலாளி, கிழிச்சிட்டுப் போயிடுவாங்க. மைசூர்பாகு, ஜாங்கிரிப் பக்கமெல்லாம் புதுசா அப்படியே இருக்கு. சர்க்கரை இல்லாத பலகாரம் மட்டும் ஒரு பக்கம்கூட மிச்சமில்ல. பொருளடக்கத்துல பேருதான் இருக்கு.”

அருணகிரி கடையே அதிரச் சிரித்தார். “சர்க்கரை இல்லாத பலகாரமா? அதை எந்த மடையன் திம்பான்?”

செண்பகம் சிரிக்கவில்லை. அவருடைய வெள்ளைச் சட்டைப் பைக்குள் வண்ணத்தாள் ஒன்று மங்கலாகத் தெரிந்தது.

“இந்த வாரம் கேழ்வரகு லட்டு போட்டிருக்காங்க. அந்தப் பக்கத்தைப் படிச்சு முடிச்சிட்டா குடுங்க முதலாளி, பலகாரம் போடுற மாஸ்டர்கிட்ட காட்டணும்.”

அருணகிரியின் கை தானாகப் பைக்குப் போனது. மடித்த தாளை எடுத்து மேசைமேல் வைத்தார். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

“மாவை நல்லா வறுக்கச் சொல்லு. நேத்து வீட்டுல செஞ்சப்போ பச்சை வாசம் அடிச்சுது.”