வரிசையில் ஏறும் சூடு

கால்நடை மருத்துவர் ஈஸ்வரமூர்த்தி ஒரு பெரிய அட்டைப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பூங்கோதையின் ரேடியேட்டர் பட்டறைக்குள் வந்தார்.

"என்னங்க டாக்டர், மறுபடியும் இன்டர்கூலரா?"

"போன தடவை போட்டதைவிட இது ரெண்டு மடங்குங்க."

"அது அதுக்கு முந்தினதைவிட ரெண்டு மடங்கு."

டாக்டர் பெட்டியை மாற்றிப் பிடித்துக்கொண்டார். அவருக்கு ஐம்பத்திரண்டு வயது. கார் ஓட்டத் தெரியும் என்று முப்பது வருடம் நினைத்திருந்தவருக்கு, தெரியாது என்று மூன்று வருடம் முன்பு காட்டியவள் பூங்கோதை. அவளுக்கு முப்பத்து நான்கு. ஆட்டோகிராஸ் போட்டியில் அவர் முட்டிக்கொண்டிருக்கும் அதே பிரிவில் நான்கு முறை வென்றுவிட்டு, போதும் என்று நிறுத்தியவள்.

திறந்த மைதானத்தில் கூம்புகளை வைத்து வளைந்து வளைந்து ஒரு பாதை போடுவார்கள். ஒரு நேரத்தில் ஒரு கார்தான் ஓடும். ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும். பிறகு வரிசையின் கடைசிக்குப் போய் நிற்க வேண்டும். இப்படி மூன்று ஓட்டம். மூன்றின் நேரத்தையும் கூட்டி, குறைவாக வந்தவருக்கு வெற்றி.

டாக்டரின் காரில் டர்போ இருந்தது. அது காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் அனுப்பும். அமுக்கிய காற்று சூடாகும். சூடான காற்றில் எஞ்சின் சோம்பிவிடும். இடையில் நின்று அந்தக் காற்றைக் குளிரவைப்பதுதான் இன்டர்கூலர். முதல் வருடம் அதைப் பெரிதாக்கினார். இரண்டாம் வருடம் இன்னும் பெரிதாக்கினார். அது காரின் மூக்கை அடைத்துக்கொண்டது. பின்னாலிருந்த ரேடியேட்டருக்குக் காற்று போதவில்லை. ரேடியேட்டரையும் மாற்றினார். அதற்கு ஒரு பெரிய விசிறியும் வாங்கினார். இத்தனைக்குப் பிறகும், முதல் ஓட்டத்தில் பாய்கிற கார் மூன்றாவது ஓட்டத்தில் திணறியது.

"இதை மாட்டினாத் தீருமுங்களா?"

பூங்கோதை பெட்டியை வாங்கித் தரையில் வைத்தாள். அதன்மேல் உட்கார்ந்து, குடித்துக்கொண்டிருந்த டீயைத் தொடர்ந்தாள்.

"வண்டி எப்பச் சூடாகுது?"

"ஓடும்போதுதான்."

"பார்த்தீங்களா?"

"ஓடும்போது ஆகாம வேற எப்பங்க ஆகும்?"

"மாட்டுக்குக் காய்ச்சல்னு ஓட்டிட்டு வந்தா தெர்மாமீட்டர் வைப்பீங்களா, இல்ல மாட்டுக்காரர் சொன்னாருன்னு ஊசி போட்டுருவீங்களா?"

டாக்டர் சிரித்துவிட்டார். எஞ்சினுக்குள் போகும் காற்றின் சூட்டைக் காட்டும் சின்ன மீட்டர் ஒன்றை அவர் காரில் பொருத்தினாள். ஒரு நோட்டும் பென்சிலும் கொடுத்தாள்.

"ஞாயித்துக்கிழமை நிமிஷத்துக்கு ஒரு தரம் பார்த்து எழுதுங்க."

"பெட்டி?"

"உட்கார நல்லா இருக்குது. இருக்கட்டும்."

அந்த ஞாயிறுதான் சீசனின் கடைசிப் போட்டி. பிரிவில் முதலாவதாக வருபவருக்கு, மாநிலப் போட்டிக்குப் போகும் கிளப் அணியில் இடம். ஒரே ஓர் இடம். டாக்டருக்கு அது வேண்டும். மூன்று வருடமாக வேண்டும்.

சித்திரை வெயில். கோவைக்கு வெளியே ஒரு சிமெண்ட் மைதானம். நிழல் என்று பார்த்தால் ஒரு ஷாமியானா. இருபது கார்கள்.

முதல் ஓட்டத்தில் டாக்டருக்கு அறுபத்தொன்று புள்ளி நான்கு விநாடி. அவருக்கு அடுத்து வந்தவன் பேக்கரி வைத்திருக்கும் ஜெபராஜ்: அறுபத்தொன்று புள்ளி ஒன்பது. டாக்டர் வரிசையின் கடைசியில் போய் நின்று, கார்க் கண்ணாடியை ஏற்றிவிட்டு, நோட்டை எடுத்தார். சொன்னபடி எழுதினார். பத்து நிமிடம் கழித்துப் பூங்கோதை வந்து கண்ணாடியைத் தட்டினாள்.

"படிங்க."

"கிளம்பறப்ப நாப்பத்தொண்ணு. ஓடி முடிச்சப்ப அம்பத்திரண்டு."

"இப்ப?"

டாக்டர் மீட்டரைப் பார்த்தார். நோட்டைப் பார்த்தார். இன்னொரு முறை மீட்டரைப் பார்த்தார்.

"எழுபத்து நாலு."

"ஓடினது?"

"ஒரு நிமிஷம்."

"நின்னது?"

"பத்து நிமிஷம்."

"நிக்கற வண்டியில எஞ்சின் எதுக்குங்க ஓடுது?"

"ஏசிங்க. இந்த வெயில்ல உள்ள உட்கார முடியலை."

"சரி. அணைச்சிட்டு இறங்குங்க."

"வரிசை நகருமே?"

"நகரும். தள்ளுங்க."

எஞ்சினை அணைத்து, விசிறியை மட்டும் ஓடவிட்டு, முன் மூடியைத் தூக்கி நிறுத்தினாள். ஸ்டீயரிங்கைப் பிடிக்க அவளே உள்ளே ஏறி உட்கார்ந்துகொண்டாள். டாக்டர் பின்னால் போய்க் கை வைத்தார்.

ஆயிரத்து இருநூறு கிலோ. ஒரு கார் ஓடி முடித்தால் ஒரு கார் நீளம். அப்புறம் நிறுத்தம். மறுபடியும் ஒரு கார் நீளம். பின்னால் ஜெபராஜ் கண்ணாடியை இறக்கினான். உள்ளேயிருந்து குளிர்ந்த காற்று வந்தது.

"என்ன டாக்டரே, மாட்டுக்கு வைத்தியம் பார்த்துப் பார்த்து நீங்களே வண்டி இழுக்க ஆரம்பிச்சிட்டீங்க?"

"இழுக்கலைப்பா, தள்றேன். மாட்டுக்கும் எனக்கும் அதுதான் வித்தியாசம்."

பதினான்கு முறை தள்ளினார். தொடக்கக் கோட்டுக்கு வந்தபோது மீட்டர் நாற்பத்தாறு காட்டியது. மூன்று வருடத்தில் இரண்டாவது ஓட்டத்துக்கு முன்னால் இந்த எண்ணை அவர் நினைத்துக்கூடப் பார்த்ததில்லை. ஹெல்மெட்டை மாட்டினார். மூக்குக் கண்ணாடியில் வியர்வை இறங்கியது. கொடி இறங்கியது.

கார் பாய்ந்தது. மூன்றாவது வளைவில் கை நழுவி ஒரு கூம்பைச் சாய்த்தார். கூம்புக்கு இரண்டு விநாடி தண்டம். ஓடியது அறுபத்தொன்று புள்ளி ஒன்று; பலகையில் விழுந்தது அறுபத்து மூன்று புள்ளி ஒன்று. ஜெபராஜுக்கு அறுபத்திரண்டு புள்ளி நான்கு. கூட்டிப் பார்த்தால் ஜெபராஜ் இப்போது புள்ளி இரண்டு விநாடி முன்னால்.

பூங்கோதை வரிசையின் கடைசியில் நின்றிருந்தாள்.

"வண்டி எவ்வளவு இருந்துச்சு?"

"நாப்பத்தாறு."

"நீங்க?"

டாக்டர் ஹெல்மெட்டைக் கழற்றினார். முகம் செங்கல் நிறத்தில் இருந்தது.

"ஏசி போட்டா வண்டி கொதிக்குது. தள்ளினா நான் கொதிக்கறேன். என்னதாங்க பண்றது?"

அவள் அவரிடம் ஒரு பாட்டில் மோரைக் கொடுத்தாள். ஷாமியானாவுக்குப் போய் உட்கார்ந்துகொண்டாள்.

டாக்டர் மோரைக் குடித்தார். எஞ்சின் அணைந்திருந்தது. முன்னால் ஓர் இடம் காலியானது. ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்து, ஒரு கை ஸ்டீயரிங்கில், தோள் கதவுச் சட்டத்தில் வைத்துத் தள்ளினார். ஒரு கார் நீளம். இன்னொரு கார் நீளம். மூச்சு ஏறிவிட்டது. மொத்தம் பதினெட்டில் இன்னும் பதினாறு இருந்தது.

திரும்பிப் பார்த்தார். ஜெபராஜ் கண்ணாடியை ஏற்றி, சாய்ந்து உட்கார்ந்து, போனில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தான். அவன் எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. அவன் காரிலும் டர்போதான்; மீட்டர் இல்லை. இருந்தால் என்ன காட்டும் என்று டாக்டருக்குத் தெரியும். அவன் அப்படியே உட்கார்ந்திருந்தால் போதும். மூன்றாவது ஓட்டத்தில் அவன் கார் தானாகத் திணறும்.

ஷாமியானா பக்கம் பார்த்தார். பூங்கோதை மைதானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

முன்னால் மறுபடியும் ஓர் இடம் காலியானது. டாக்டர் தள்ளவில்லை. பின்னால் நடந்துபோய் ஜெபராஜின் கண்ணாடியைத் தட்டினார்.

"எஞ்சினை அணைப்பா."

"எதுக்கு?"

"நின்னு நின்னுதான் சூடாகுது. ஓடி இல்ல. இந்தா, நோட்டைப் பாரு."

ஜெபராஜ் நோட்டை வாங்கினான். ஒரு பக்கம் படித்தான். அடுத்த பக்கத்தையும் படித்தான்.

"டாக்டரே, உங்களைவிட நான் புள்ளி ரெண்டு முன்னால நிக்கறேன். இதை எங்கிட்ட எதுக்குச் சொல்றீங்க?"

"தனியாத் தள்ள முடியலைப்பா."

ஜெபராஜ் சாவியைத் திருப்பினான். எஞ்சின் நின்றது. இறங்கி வந்து டாக்டரின் காருக்குப் பின்னால் கை வைத்தான். டாக்டர் கதவருகே நின்று ஸ்டீயரிங்கைப் பிடித்தார். கார் லேசாக நகர்ந்தது. பிறகு இருவரும் நடந்துபோய் அவன் காரைத் தள்ளினார்கள். அதன்பின் பேக்கரியைப் பற்றிப் பேசினார்கள். முட்டைக்கு அலர்ஜி உள்ள நாய்க்குட்டிக்குப் பிறந்தநாள் கேக் கேட்டு ஒருவர் வந்ததை ஜெபராஜ் சொன்னான். அந்த நாய்க்குட்டி தன்னிடம்தான் வருகிறது என்றார் டாக்டர். வரிசை தீர்ந்தது இருவருக்கும் தெரியவில்லை.

தொடக்கக் கோட்டில் மீட்டர் நாற்பத்து நான்கு. டாக்டரின் மூக்குக் கண்ணாடி தெளிவாக இருந்தது.

அறுபது புள்ளி ஏழு.

மூன்று வருடத்தில் அவர் அறுபத்தொன்றுக்குக் கீழே வந்தது அதுதான் முதல் முறை. ஷாமியானாவில் இரண்டு பேர் கை தட்டினார்கள். அடுத்து ஜெபராஜ் ஓடினான்.

அறுபது புள்ளி எட்டு.

கூட்டிப் பார்த்தார்கள். ஜெபராஜ் புள்ளி ஒன்று விநாடி வித்தியாசத்தில் வென்றிருந்தான். கோப்பையை வாங்கிக்கொண்டு நேராக டாக்டரிடம் வந்தான். கோப்பையை அவர் கையில் கொடுத்து, திரும்ப வாங்கிக்கொண்டு போனான்.

திங்கட்கிழமை காலை பட்டறை திறந்ததும் டாக்டர் வந்தார். அட்டைப் பெட்டி அதே இடத்தில் இருந்தது. அதன்மேல் உட்கார்ந்தார். பூங்கோதை ஒரு லாரி ரேடியேட்டரில் பற்றவைத்துக்கொண்டிருந்தாள். அவள் முடிக்கும்வரை காத்திருந்தார்.

"அடுத்த சீசனுக்கு இதை மாட்ட வேண்டாமுங்க. ரெண்டாவதையும் கழட்டிருங்க. பழைய சின்னதே போதும்."

"சரி."

"இன்னும் பத்து மாசம் இருக்குது. வாரம் ரெண்டு நாள் வர்றேன். அந்த மூணாவது வளைவைச் சரி பண்ணணும்."

"சரி."

டாக்டர் எழுந்து வாசல்வரை போனார். அங்கிருந்து திரும்பி, நேற்றிலிருந்து கேட்க நினைத்ததைக் கேட்டார்.

"ஜெபராஜ்கிட்டச் சொல்லாம இருந்திருந்தா, அந்த இடம் எனக்குத்தானுங்களே?"

பூங்கோதை முகமூடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு அவரைப் பார்த்தாள்.

"பதினெட்டுத் தடவையும் தனியாத் தள்ளிட்டுப் போயா?"