மேக்ரோ உதிர்ந்த பஸ்

பஸ்ஸே வராத ஊரில் பஸ்ஸைத் தள்ளி வியர்த்துப் போனவர்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? இல்லையென்றால் நீங்கள் ஊசிக்குளத்துப் பக்கம் போனதில்லை என்று அர்த்தம்.

அந்த ஊரில் வீட்டுக்கு ஒரு புத்திசாலி உண்டு. ஊர் அப்படி ஆனதற்கு அதுதான் காரணம்.

பிரம்மசக்தியின் மகள் தங்கக்கனியை வருகிற ஆனியில் டவுன் பள்ளிக்கூடத்தில் சேர்க்க வேண்டும். ஊருக்குள் பஸ் வந்தால் பிள்ளை வீட்டிலிருந்தே போய்வரும். வராவிட்டால் டவுனில் நாத்தனார் வீட்டில் கொண்டுபோய் விடவேண்டியதுதான். பிள்ளையைப் பிரிவதை நினைத்தாலே பிரம்மசக்திக்குச் சோறு இறங்கவில்லை. அதனால் சோற்றை விட்டுவிட்டு இட்லியாகச் சாப்பிட்டு வந்தாள்.

பஸ் விடலாமா வேண்டாமா என்று பார்க்க அதிகாரி வரப்போவதாகத் தகவல் வந்தது. கோயம்புத்தூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கிற அவள் தம்பி வேல்சாமி, அதிகாரிக்குக் காட்ட ஒரு பவர்பாயின்ட் செய்து அனுப்பினான். அதில் ஊர் வரைபடம், மெயின் ரோட்டில் ஒரு பஸ், கீழே ஒரு பட்டன்.

“பட்டனை அமுக்கினா பஸ் ஊருக்குள்ள வந்து ஹாரன் அடிக்கும், நிக்கும், போகும். மேக்ரோன்னு ஒண்ணு உள்ள எழுதி வச்சிருக்கேன்க்கா. அதுதான் பஸ்ஸை ஓட்டுது.”

பிரம்மசக்தி டவுன் பிரவுசிங் சென்டரில் அதைப் பென்டிரைவில் ஏற்றி, முந்தானையில் முடிந்து, மெயின் ரோட்டில் இறங்கி நடந்து வந்து சேர்ந்தாள்.

அதிகாரி வரும் நாளன்று காலையில் சமுதாயக் கூடத்து மேசையில் இரவல் வாங்கிய லேப்டாப்பை வைத்துப் பென்டிரைவைச் செருகினார்கள். பஸ் கமிட்டித் தலைவர் கோமதிநாயகம் பட்டனை அமுக்கினார். பஸ் அசையவில்லை. இன்னும் அழுத்தி அமுக்கினார். மேசைதான் ஆடியது.

“ஸ்டார்ட் ஆகல,” என்றார்.

மெயின் ரோட்டில் பஸ் நின்றுபோனால் என்ன செய்வார்கள் என்பது ஊசிக்குளத்தில் கைக்குழந்தைக்கும் தெரியும். ஆணும் பெண்ணுமாக வேட்டி சேலையை ஏற்றிச் செருகிக்கொண்டு மேசையைத் தள்ளினார்கள்.

“நகருது! நகருது! விடாதீங்க!”

மேசை மேற்குச் சுவரில் போய் முட்டியது. பலசரக்குக் கடை சீனிப்பாண்டி குனிந்து பார்த்தார்.

“அண்ணாச்சி, பஸ் நகந்துட்டு. ஆனா ரோடும் கூடவே வருதே.”

“ரோடு கூடவே வந்தா பஸ் என்னைக்குவே ஊர் வந்து சேரும்?” என்றார் கோமதிநாயகம் கவலையாக.

பிரம்மசக்தி தம்பிக்குப் போன் போட்டாள். அவன் நாலைந்து கேள்வி கேட்டுவிட்டு, “சென்டர்க்காரன் சாதா ஃபைலா சேமிச்சுட்டான்க்கா. அப்படிச் சேமிச்சா மேக்ரோ எல்லாம் உதிர்ந்து போயிரும்,” என்றான்.

பிரம்மசக்தி முந்தானையை விரித்துப் பார்த்தாள். அதில் ஒரு ஓட்டை. “வழியெல்லாம் உதிர்த்துட்டு வந்திருக்கேனே!” என்று கூவினாள்.

விளக்குமாறும் சல்லடையுமாக ஊரே மெயின் ரோட்டுப் பாதையில் இறங்கிவிட்டது.

“மதினி, அது எத்தாப் பெருசு இருக்கும்?” என்று கேட்டார் சீனிப்பாண்டி, மண்ணைச் சலித்துக்கொண்டே.

“நான் கண்டேனா? பஸ்ஸையே ஓட்டுதுன்னா நோஞ்சானா இருக்காது.”

ஓடைக்கரையில் துருப்பிடித்த ஒரு டிராக்டர் நட்டு கிடைத்தது. கையில் தூக்கிப் பார்த்தவர்கள் எல்லாரும் அதுதான் என்று ஒத்துக்கொண்டார்கள். கழுவித் துடைத்து லேப்டாப்பின் மேல் வைத்துவிட்டு, “மேக்ரோ கிடைச்சுட்டுடா தம்பி. மேலயே வச்சிருக்கோம். இன்னும் ஓடலையே?” என்று பிரம்மசக்தி போனில் சொன்னாள்.

“அக்கா, அதை எடுத்துக் கீழ வை. நான் வேற அனுப்புறேன். திறந்ததும் மேல மஞ்சப் பட்டை ஒண்ணு வந்து அனுமதி கேக்கும். குடுத்திருங்க. எனக்கு மீட்டிங் இருக்கு.” வைத்துவிட்டான்.

பிரம்மசக்தி மறுபடி டவுனுக்குப் போய்ப் புது ஃபைலை டப்பாவில் போட்டு மூடிக் கொண்டுவந்தாள். திறந்ததும் சொன்னபடியே மஞ்சள் பட்டை வந்தது. பிரம்மசக்தி கையை நீட்டினாள்.

“எம்மா, கையை எடு!” என்று பதறினார் கோமதிநாயகம். “ஊருக்குள்ள பஸ் விட அனுமதி குடுக்க நாம யாரு? அது அதிகாரி குடுக்கிறது. அவர் வர்றதுக்கு முன்ன நாம குடுத்தா போலீஸ்காரன் தூக்கி உள்ள வச்சிருவான்.”

எல்லாரும் மஞ்சள் பட்டையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். சாயங்காலம் ஜீப்பில் அதிகாரி வந்து இறங்கினார்.

“சார், அனுமதி குடுங்க,” என்றார் கோமதிநாயகம், கைகூப்பி.

“முதல்ல என்னத்தையோ காட்டணும்னு சொன்னீங்களே, காட்டுங்க. பார்த்துட்டுக் குடுக்கேன்.”

“நீங்க அனுமதி குடுத்தாத்தான் சார் காட்ட முடியும்.”

“பார்க்காம எப்படிய்யா குடுக்கிறது?”

“குடுக்காம எப்படி சார் பார்ப்பீங்க?”

இப்படியே இரண்டு சுற்றுக் காப்பி முடிந்தது. அதற்குள் அதிகாரி லேப்டாப்பை எட்டிப் பார்த்துவிட்டார். மஞ்சள் பட்டையை அவரே அமுக்கினார். படத்தைப் பெரிதாக்கினார்.

“பஸ் விடுறது பெருசில்ல,” என்றார், பட்டன்மேல் விரலை வைத்தபடி. “ஏற ஆள் இருக்கணும். ஒருநாள் காலியா ஓடினாலும் மறுநாளே நிறுத்திருவேன்.”

அவர் பட்டனை அமுக்கினார்.

பஸ் நகர்ந்தது. மெயின் ரோட்டை விட்டுத் திரும்பியது. ஓடையைத் தாண்டியது. ஊர் முகப்பில் வந்து பாம், பாம் என்று ஹாரன் அடித்தது. கொஞ்சம் நின்றது. போய்விட்டது.

“நல்லாத்தான் செஞ்சிருக்கீங்க,” என்று அதிகாரி திரும்பினார். கூடத்தில் ஒரு ஆள் இல்லை.

வெளியே வந்தார். ஊர் முகப்பில் அரிசி மூட்டையோடு சீனிப்பாண்டி, குடையோடு கோமதிநாயகம், அவர்களுக்குப் பின்னால் பையும் கூடையும் ஒரு வெள்ளாட்டுக் குட்டியுமாக ஊரே வரிசையில் முண்டியடித்துக்கொண்டு நின்றது.

“சாயங்கால டிரிப்புக்கே இத்தனை பேரா!” என்றார் அதிகாரி. அந்த இடத்திலேயே பேனாவை எடுத்து எழுதிக் கையெழுத்துப் போட்டார். “அடுத்த மாசத்துல இருந்து பஸ் வரும்.”

அப்போதுதான் பிரம்மசக்தி ஒரு கையில் தங்கக்கனியும் மறு கையில் சீப்புமாக மூச்சிரைக்க ஓடிவந்தாள். ரோட்டை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தாள். அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

“அடுத்த மாசம் வர்றது வரட்டும் சார். இப்பப் போனதைக் கொஞ்சம் நிப்பாட்டச் சொல்லுங்க. ஒரு பக்கம் சடை பின்னியாச்சு, மறுபக்கம் மட்டுந்தான் பாக்கி.”