கௌதாரி நெஞ்சில் சுமக்கும் தண்ணீர்

தண்ணீர்க் கரையில் கூடாரம் அடித்ததுதான் தப்பு. அடித்தவன் ஒரு மனிதன். அடிக்கச் சொன்னது ஒரு கௌதாரி. அதனால் இரண்டு குஞ்சுகள் செத்தன. நடந்தது இவ்வளவுதான். எப்படி நடந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அந்தக் காலத்தில் காட்டில் இருந்த எல்லாருக்கும் ஒரே பேச்சுதான். மனிதன் பேசினால் மானுக்குப் புரியும். மான் முனகினால் மனிதனுக்குப் புரியும். ஆப்பிரிக்காவின் தெற்கே கலகாரி என்று ஒரு வறண்ட சமவெளி. செம்மண், முள்மரம், காய்ந்த புல், இவ்வளவுதான் அங்கே. நடுவில் ஒரே ஒரு குட்டை. தாகம் எடுத்தால் யானையும் அங்கேதான் வரவேண்டும், எலியும் அங்கேதான் வரவேண்டும்.

குட்டைக் கரையில் ஒரு கல்கௌதாரி குடும்பம் நடத்தினான். புறா அளவு உடம்பு, மண்ணின் நிறம். சும்மா உட்கார்ந்திருந்தால் கல்லா பறவையா என்று தெரியாது. அப்போதெல்லாம் கௌதாரிகள் தண்ணீர் ஓரத்தில்தான் முட்டையிடும். குஞ்சுகள் பொரித்த அன்றே எழுந்து, நாலு எட்டு நடந்து குடித்துவிடும். அப்பன் எதையும் சுமக்க வேண்டியதில்லை. இந்தக் கௌதாரி தண்ணீரில் கால் வைப்பதுகூட இல்லை. கரையில் நின்று, நெஞ்சு நனையாமல் அலகை மட்டும் நீட்டிக் குடிப்பான். நனைந்தால் இறகு கலைந்துவிடும் என்று கவலை.

அந்த வருஷம் மூன்று குஞ்சுகள். கடைசிக் குஞ்சு நோஞ்சான். மனைவி அதற்குப் புலா என்று பெயர் வைத்தாள். அந்த நாட்டுப் பேச்சில் புலா என்றால் மழை.

“இத்தனூண்டுக்கு இவ்வளவு பெரிய பேரா?” என்று கேட்டான்.

“பேராவது பெரிசா இருக்கட்டும்” என்றாள்.

ஒருநாள் காலையில் மொலேபி என்று ஒரு மனிதன் வந்தான். கூட நாலைந்து பேர், தலையில் மூட்டை, தோளில் தோல் கூடாரம். மொலேபி வேட்டைக்காரன் இல்லை. விலங்குகளைப் பார்ப்பதற்கென்றே ஊரை விட்டுக் கிளம்பியவன். தின்பதற்கு இல்லை, தோலுக்கு இல்லை, வெறுமனே பார்ப்பதற்கு. ஊரில் சிரித்தார்கள். அவன் கண்டுகொள்ளவில்லை. நல்ல மனிதன். அதுதான் வருத்தம். கெட்டவனாக இருந்திருந்தால் கௌதாரி வாயைத் திறந்தே இருக்கமாட்டான்.

“தம்பி, உனக்கு இந்த இடமெல்லாம் அத்துப்படியாக இருக்குமே” என்றான் மொலேபி. “விலங்குகளை நன்றாகப் பார்க்கவேண்டுமென்றால் நாங்கள் எங்கே தங்கலாம்?”

பிறந்ததிலிருந்து யாரும் கௌதாரியிடம் எதையும் கேட்டதில்லை. சிங்கம் கேட்டதில்லை, யானை கேட்டதில்லை. கல்லென்று நினைத்து மிதிக்க வந்தவர்கள்தான் அதிகம். கௌதாரி கழுத்தை நிமிர்த்தினான்.

“எங்கேயும் அலைய வேண்டாம் ஐயா. இங்கேயே அடியுங்கள். எல்லாரும் இந்தத் தண்ணீருக்குத்தான் வருவார்கள். உங்கள் கூடார வாசலில் வந்து நிற்பார்கள்.”

“கரையிலேயேவா? அவர்களுக்குத் தொந்தரவாக இருக்காதா?”

“நான் சொல்கிறேன் இல்லையா!”

அந்த ஒரு வார்த்தைதான். யோசிக்காமல் சொன்னான்.

கூடாரம் எழுந்தது. அடுப்பு மூட்டினார்கள். புகை, பானைச் சத்தம், சிரிப்பு. யானைக்கூட்டம் தூரத்தில் வந்து துதிக்கையைத் தூக்கி மோந்து பார்த்தது, திரும்பிப் போய்விட்டது. நீண்ட கொம்புள்ள ஓரிக்ஸ் மான்கள் வெயிலில் நின்று பார்த்துவிட்டுக் கலைந்தன. தண்ணீர் இருந்தது. குடிக்க ஆளில்லை. விலங்கு பார்க்க வந்தவர்கள் விலங்கு வரும் வாசலையே அடைத்துக்கொண்டு, ஏன் ஒன்றையும் காணோம் என்று உட்கார்ந்திருந்தார்கள்.

தண்ணீர் மொள்ள வந்த ஒருவனின் கால் கூட்டுக்குப் பக்கத்தில் பதிந்தது. ஒரு விரல் தள்ளி விழுந்திருந்தால் மூன்றும் போயிருக்கும்.

மனைவி குஞ்சுகளைக் கிளப்பினாள். “நான் இதுகளைக் கூட்டிக்கொண்டு போறேன்.”

“எங்கே?”

“மனுஷக் கால் வராத இடத்துக்கு.”

“அங்கே தண்ணிக்கு என்ன செய்வே?”

“கூடாரம் அடிக்கச் சொன்னது யாரு? போய் எடுக்கச் சொல்லுங்க.”

சமவெளிக்குள் வெகுதூரம் நடத்திக்கொண்டு போய், ஒரு புல் குத்துக்கு அடியில் குஞ்சுகளை உட்கார வைத்தாள். அவன் மொலேபியைப் பார்க்கக் கிளம்பினான். வழியில் முள்மர நிழலில் நரி படுத்திருந்தது. நாக்கு வெளியே தொங்கியது.

“எழுந்திருங்கப்பா, வழிகாட்டி ஐயா வர்றார்!” என்றது நரி. “என்ன மாப்ளே, இன்னும் யாருக்காவது இடம் பார்த்துக் கொடுக்கணுமா? என் வளை இருக்கு. நான் நாக்கு வறண்டு செத்ததும் அதையும் காட்டிவிடு.”

கௌதாரி நிற்காமல் குட்டைப் பக்கம் போனான்.

கூடாரத்தில் மொலேபி அவனைக் கண்டதும் எழுந்து நின்றான். “வா வா! இவர்களிடம் உன்னைப் பற்றித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். இந்தக் காட்டைத் தெரிந்தவன் ஒருத்தன் உண்டென்றால் அது நம்ம கௌதாரிதான் என்று.” கம்பு தானியம் அள்ளி வைத்தான். எல்லாரும் அவனையே பார்த்தார்கள்.

‘நான் சொன்னது தப்பு, கூடாரத்தை எடுங்கள்.’ இவ்வளவுதான் சொல்லவேண்டும். நாக்கு நுனி வரை வந்தது.

“இன்னும் ஒரு நாள் பாருங்கள் ஐயா” என்றான். “கட்டாயம் வருவார்கள்.”

வெட்கம் அப்படிச் சொல்ல வைத்தது. சொல்லிவிட்டு, அலகு நிறையத் தண்ணீர் அள்ளிக்கொண்டு பறந்தான். பாதி வழியில் தொண்டைக்குள் இறங்கிவிட்டது. மிச்சம் வெயிலில் காய்ந்தது. திரும்ப வந்தான், திரும்ப அள்ளினான். ஒவ்வொரு தடவையும் கரையில் நின்றே, நெஞ்சு நனையாமல். போய்ச் சேரும்போது அலகில் ஒன்றும் இல்லை.

அன்று உச்சி வெயிலில் மூத்தது கண்ணை மூடியது. மறுநாள் நடுவிலது.

மனைவி திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. புலாவைச் சிறகுக்குள் இழுத்துக்கொண்டு, அவனைப் பார்க்காமல் வேறு பக்கம் திரும்பி உட்கார்ந்தாள்.

அவன் மறுபடியும் குட்டைக்குப் போனான். இந்தத் தடவை கம்பு தானியத்தைப் பார்க்கவில்லை.

“ஐயா, நான் சொன்னது தப்பு” என்றான். “நீங்கள் இங்கே இருக்கிறவரை ஒருத்தரும் வரமாட்டார்கள். எனக்குத் தெரியும். முதல் நாளே தெரியும். என் பிள்ளைகள் இரண்டு பேர் போய்விட்டார்கள்.”

மொலேபி கையிலிருந்த அகப்பையைக் கீழே வைத்தான். “இதை நேற்றே சொல்லியிருக்கக் கூடாதா தம்பி?”

மொலேபி கூடாரக் கயிற்றை அவிழ்க்கப் போனான். கௌதாரியால் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. தண்ணீருக்குள் நடந்தான். கால் மறைந்தது, வயிறு மறைந்தது. நெஞ்சு வரை முழுகி, தலையைக் குனிந்துகொண்டு நின்றான். இறகு கலைவது அப்போது அவன் நினைவில் இல்லை. பின்னால் கூடார முளை பிடுங்கும் சத்தம் கேட்டது. அலகில் அள்ளிக்கொண்டு எழும்பினான். உடம்பு கனத்தது. துக்கத்தால் கனக்கிறது என்று நினைத்துக்கொண்டான்.

போய் இறங்கியபோது வழக்கம்போல அலகு காலி.

“கூடாரத்தை எடுத்துவிட்டார்கள்” என்றான்.

“இப்ப எடுத்து?” என்றாள் மனைவி. “இது எழுந்து நிக்கக்கூட மாட்டேங்குது. அவ்வளவு தூரம் நடக்குமா?”

அவன் புலாவின் பக்கத்தில் போய் நின்றான். வெயிலாவது படாமல் இருக்கட்டும் என்று நெஞ்சை நிமிர்த்தி அதன்மேல் நிழல் விழ நின்றான். புலா தலையைத் தூக்கியது. அப்பன் நெஞ்சு இறகுக்குள் அலகை விட்டது. இழுத்தது. மறுபடியும் இழுத்தது.

“என்ன பண்ணுது அது?” என்றாள் மனைவி.

“குடிக்குது” என்றான் அவன்.

இறகுக்குள் அவ்வளவு தண்ணீர் நின்றிருந்தது. இரண்டு நாளாக அவன் நனையாமல் காப்பாற்றிய இறகு. முதல் தடவையே இறங்கி நனைந்திருந்தால் மூன்றும் குடித்திருக்கும். அது இருவருக்கும் ஒரே நேரத்தில் புரிந்தது. புலா குடித்து முடிக்கும்வரை அவன் அசையாமல் நின்றான்.

அன்று சாயங்காலம் யானைகள் குட்டைக்கு வந்தன. மொலேபி வெகுதூரத்தில், மரங்களுக்குப் பின்னால், அடுப்பு மூட்டாமல் உட்கார்ந்து பார்த்தான். பார்க்க வந்ததைப் பார்த்துவிட்டான். சந்தோஷமாக இருந்ததா என்று கேட்டால், இல்லை.

அன்று முதல்தான் அந்தக் காடுகளுக்குப் போகிறவர்கள் தண்ணீரை விட்டு விலகிக் கூடாரம் அடிக்கிறார்கள். அன்று முதல்தான் கௌதாரிகள் தண்ணீருக்கு எட்டாத வெட்டவெளியில் முட்டையிடுகின்றன. வெயில் ஏறியதும் ஆண் கௌதாரி குட்டைக்கு வரும். யாரிடமும் ஒரு வார்த்தை பேசாது. நேராகத் தண்ணீரில் இறங்கி, நெஞ்சை முக்கி, ஊறும்வரை நின்று, அந்தப் பாரத்தோடு எழும்பிப் பறக்கும். அப்பன் கற்றுக்கொடுத்ததல்ல அது, ஆத்தாள் கற்றுக்கொடுத்ததும் அல்ல. நெஞ்சில் தண்ணீர் இருக்கிறது என்று முதலில் கண்டுபிடித்தது அந்த நோஞ்சான்தான், புலா.