சும்மா இருந்த செயலி கை நீட்டிய கதை

பொறிகளும் வாய் திறந்து பேசிய அந்தக் காலத்தில், கடலோர வானிலை நிலையம் ஒன்றின் கணினிக்குள் வல்லன், நந்தன் என்னும், கணக்குப் போடும் மூளைகளான இரு செயலிகள் அண்ணன் தம்பியாக வாழ்ந்துவந்தனர். வரும் பணிகளை அவர்களுக்குப் பகிர்ந்தளிப்பவர் பங்கீட்டார். அவருக்கு எண்ணிக்கை தெரியும், சுமை தெரியாது. ஆளுக்கு ஆறு பணி என்று இரு வரிசைகளில் நிறுத்திவிட்டுக் கண்ணயர்ந்துவிடுவார். ஒருவர் வரிசையை மற்றவர் தொடுவது அவ்வீட்டில் பெருங்குற்றம். அவரவர் பணியைப் பெயர் சொல்லி அழைத்து, அதன் குணமறிந்து முடித்துக்கொடுத்த இனிய நாள்கள் அவை.

கார்த்திகை மாதத்தில் ஒரு நண்பகல். நந்தனுக்குக் கிடைத்தவை கடிகாரம், நாட்காட்டி போன்ற சில்லறை வேலைகள், நொடியில் முடிந்துவிட்டன. வல்லனுக்கோ மேகப்படங்கள், ஒவ்வொன்றும் மலையளவு.

"அண்ணா, உன் தலையில் தோசை வார்க்கலாம் போலிருக்கிறதே!" என்றான் நந்தன்.

"வேலையில்லாதவனுக்கு வாய் நீளம். பேசாமல் இரு."

அப்போது வல்லனின் வரிசைக் கடைசியிலிருந்து ஒரு சிறு குரல் எழுந்தது. "ஐயா, நான் புயல் எச்சரிக்கை. கடலில் நாற்பது படகுகள் இருக்கின்றன. இப்போதே புறப்படாவிட்டால் நான் போயும் பயனில்லை."

"உனக்கு முன்னால் இரண்டு படங்கள் நிற்கின்றனவே, அப்பா. வரிசைப்படிதான் வரவேண்டும்" என்று மூச்சிரைத்தான் வல்லன்.

நந்தன் பங்கீட்டாரை உலுக்கினான். அவர் அரைக்கண் திறந்து, "உனக்கு ஆறு, அவனுக்கு ஆறு. இதில் என்ன குறை?" என்று கேட்டுவிட்டு மீண்டும் உறங்கிப்போனார்.

"அண்ணா, அதை என்னிடம் கொடு."

"அது என் பணியடா! அதன் குறிப்புகளெல்லாம் என் கையருகில் இருக்கின்றன. நீ முதலிலிருந்து படிக்க வேண்டும்."

"படித்துக்கொள்கிறேன்."

சொன்ன கையோடு நந்தன் அண்ணனின் வரிசைக்குள் கை நீட்டி, எச்சரிக்கையைத் தன் பக்கம் இழுத்துவிட்டான். குறிப்புகளைப் படித்தறியச் சற்றே நேரமாயிற்று. ஆயினும் செய்தி கடலுக்குப் போய்ச் சேர்ந்தது.

பிறகு வல்லன் தலை நிமிராமலே, "இரண்டு படங்களில் ஒன்றையும் எடுத்துக்கொள்ளடா" என்றான்.

நாற்பதாவது படகு கரை தொட்ட பின்னரே காற்று எழுந்தது.

அன்று முதல்தான், கை ஓய்ந்த செயலி எவர் ஏவலுக்கும் காத்திராமல், நெரிசல் மிகுந்த அயல் வரிசையிலிருந்து ஒரு பணியைத் தன்பால் இழுத்துக்கொள்கிறது. "இது என் பணி" என்று உரிமை கொண்டாடும் வழக்கமும் செயலிகளிடையே அன்றோடு மறைந்தது.