கரும்பழுப்பு

மருத்துவமனை ஆய்வகத்தில் பயிற்சி மருத்துவர் வாஹிதா நுண்ணோக்கியிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

லாரி ஓட்டுநர் ஒருவரின் நாக்கில் வந்த புற்றுக்கட்டியிலிருந்து எடுத்த திசு அது. கட்டி சிறியது. வெட்டிய ஓரங்கள் சுத்தம். கழுத்துக்குப் பரவவில்லை. ஆனால் நோய் இனி எப்படிப் போகும் என்று காட்டும் புரதத்துக்காக ஏற்றிய சாயம், கரும்பழுப்பாகப் பிடித்திருந்தது. அப்படிப் பிடித்தால் நோய் திரும்பி வரும் வாய்ப்பு அதிகம்.

"மேடம், இதை ரிப்போர்ட்ல எழுதத்தான் வேணுமா?"

ஆய்வகத் தலைவர் ஜெபக்கனி குனிந்து பார்த்தார். "ஏன் கேக்கிற?"

"சர்ஜன் அவரை வீட்டுக்கு அனுப்பப் போறார். அவர் மனைவி இன்னிக்குத்தான் கொஞ்சம் சிரிச்சாங்க. நகக்கண் அளவு திசு மேடம். இது சொல்றது நடந்துடுமா?"

"வா" என்று ஜெபக்கனி எழுந்தார்.

புறநோயாளிகள் பகுதியில் ராயப்பன் உட்கார்ந்திருந்தார். தூத்துக்குடியில் மீன் ஏலம் விடுபவர். சிகிச்சை முடிந்தபின் வழக்கமாக வரும் சோதனைக்கு வந்திருந்தார். நாக்கில் ஒரு பக்கம் கிடையாது. ஆனாலும் பக்கத்தில் இருந்தவர்களைச் சிரிக்கவைத்துக்கொண்டிருந்தார்.

"ராயப்பன், இவங்களுக்கு ஒரு ஏலம் விட்டுக் காட்டுங்க."

"இங்க எதை விக்க டாக்டரம்மா?" என்றவர், இல்லாத சீலா மீன் ஒன்றைத் தூக்கிப் பிடித்தார். முதலில் குரல் குழறியது. விலை ஏற ஏறக் கூடமே அவர் பக்கம் திரும்பியது. நர்ஸ் ஓடிவந்து அதட்டினாள்.

திரும்பி வந்ததும் ஜெபக்கனி பழைய ஸ்லைடு ஒன்றை எடுத்துவைத்தார். வாஹிதா பார்த்தாள். ஓட்டுநருடையதைவிடக் கருமை.

"யாரோடது?"

"ராயப்பனோடது."

வாஹிதா மறுபடி குனிந்து வெகுநேரம் பார்த்தாள். "அப்ப சாயம் சொன்னது பொய்யாப் போச்சா மேடம்?"

"இல்ல. திரும்பி வந்துச்சு. சாயம் சொன்னதால விடாம வரவழைச்சுக் கழுத்தைத் தடவிப் பாத்துட்டிருந்தோம். பட்டாணி அளவுல ஒரு கட்டி கையில தட்டுச்சு. உடனே எடுத்துட்டோம். கதிர்வீச்சும் குடுத்தோம்."

"எல்லாரையும் அப்படிக் காப்பாத்த முடிஞ்சுதா?"

"முடியல. இதே நிறத்துல சிலர் போயிட்டாங்க."

வாஹிதா தொலைபேசியை எடுத்தாள்.

"சர்ஜன்கிட்ட என்ன சொல்லட்டும் மேடம்?"

"நீ பாத்த நிறத்தைச் சொல்லு. அந்த டிரைவர் கிளம்புறதுக்கு முன்னாடி சொல்லு."