மந்திரி பார்த்த மீட்பு ஒத்திகை

குழாய் ஒலிபெருக்கியில் பாட்டுப் போட்டு, வந்தவர்க்கெல்லாம் நன்னாரி சர்பத் கொடுத்து, மணல்முனைக் கரையில் கடல் மீட்பு ஒத்திகை நடத்திய காலம் அது. ஊரே திருவிழா மாதிரி இருக்கும்.

அந்த வருஷம் மட்டும், மீட்பு அலுவலகத்தைப் பெருக்கும் பிரகாசியம்மாளுக்குச் சர்பத் தொண்டையில் இறங்கவில்லை. முந்தின நாள் மதியம் அவள் புருஷன் இஞ்ஞாசியின் வள்ளம் கடலுக்குள் நிற்கும் பாறைக்கு அப்பால் கவிழ்ந்திருந்தது. அவனும் தம்பியும் அதைப் பிடித்துத் தொங்குவது கலங்கரை விளக்கத்திலிருந்து தெரிந்தது. எதிர்காற்றில் பாய்மரப் படகுகள் போக முடியவில்லை. மீட்புப் படகைக் கேட்டதற்கு அதிகாரி தண்டபாணி, "நாளைக்கு மந்திரி வர்றார். இப்பதான் பெயின்ட் அடிச்சிருக்கு, காயட்டும்" என்று சொல்லிவிட்டார்.

மந்திரி மேடையேறியாயிற்று. மூழ்குவதுபோல் நடிக்க ஊரில் ஒருத்தரும் வரவில்லை, அவ்வளவு கோபம்.

"ரெண்டு பேரைக் கடல்ல இறக்கு. இல்லேன்னா உனக்கு வேலை இல்லை" என்று அதிகாரி பிரகாசியிடம் சீறினார்.

மந்திரி காதில் விழும்படி அவள் உரக்கச் சொன்னாள்: "ஆளுக தயார்யா! பாறைக்கு அந்தப் பக்கம் மிதக்காக. நீங்க போய்த் தூக்க வேண்டியதுதான் பாக்கி."

"அவ்வளவு தூரத்திலா? பலே, கிளம்புங்கள்!" என்றார் மந்திரி.

ஒரு மணி நேரத்தில் இஞ்ஞாசியும் தம்பியும் நடுங்கிக்கொண்டு கரையேறினார்கள். மந்திரி கைதட்டினார். "தத்ரூபமான நடிப்பு! எப்போதிலிருந்து பயிற்சி?"

உப்பில் வெடித்த உதட்டோடு இஞ்ஞாசி சொன்னான்: "நேத்து மத்தியானத்துல இருந்துய்யா."

கைதட்டல் நின்றது. மந்திரி அதிகாரியைப் பார்த்தார். அதிகாரி பெயின்டைப் பார்த்தார்.

அப்புறம் எத்தனையோ ஒத்திகைகள். ஆனால் நிஜமாகவே மூழ்க இருந்தவர்கள் கரையேறிய ஒத்திகை அது ஒன்றுதான் என்று, சர்பத்தின் ருசியோடு சேர்த்து இன்றும் சொல்வார்கள்.