நடு அறையில் ஒரு விளக்கு

ஆவுடையம்மாள் சொல்லும் இந்தக் கதையை பல வருஷமாக என்னால் முழுதாகச் சிரித்துக் கேட்க முடிந்ததில்லை.

ஆஸ்பத்திரியில் துணி துவைத்துச் சேர்த்ததையெல்லாம் அவள் ஒரு வீட்டுக்கு அட்வான்ஸாகக் கொடுத்துவிட்டாள். பிறகுதான் கொத்தனாரைக் கூட்டிப்போய்க் காட்டினாள். நடு அறையில் அவர் கடப்பாரையால் தட்டியதும் தரை வெறும் பானை போல ஒலித்தது.

"கெணத்தைத் தூர்க்காம மேல கல்லைப் போட்டு மூடியிருக்காங்க தாயி. கல்லும் விரிஞ்சு கெடக்கு."

வீட்டுக்காரர் பஸ் முதலாளி உலகநாதனிடம் போய் அட்வான்ஸைத் திருப்பிக் கேட்டாள். "கெணறாவது மண்ணாவது. வாங்கலேன்னா அட்வான்ஸ் கெடையாது. துணி தொவைக்கிறவளுக்குக் கட்டடம் தெரியுமோ?" என்றார்.

"தெரியாதுங்க மொதலாளி. நாளைக்கே பத்திரம் போட்டுருவோம். அதுக்கு முந்தி நடு ரூம்புல உங்க வீட்டம்மா கையால ஒரு வெளக்கு ஏத்திக் குடுங்க. மகராசி கை."

மறுத்தால் சந்தேகம் வரும் என்று ஒப்புக்கொண்டார். மனைவியிடம் கிணற்றைப் பற்றி அவர் மூச்சு விட்டதேயில்லை.

மறுநாள் தரகரும் தெருக்காரர்களும் கூடியிருக்க, அந்த அம்மாள் விளக்கை ஏந்திக்கொண்டு அறைக்குள் கால் வைத்தார்.

"ஏட்டி, நடுவுல போகாத. செவுரோரமா வா," என்று உலகநாதன் அலறினார்.

"ஏன் மொதலாளி, நடுவுல என்ன இருக்கு?" என்றாள் ஆவுடையம்மாள்.

எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். அட்வான்ஸ் அங்கேயே திரும்பி வந்தது.

இதை அவள் சிரித்துக்கொண்டேதான் சொல்வாள். கேட்கிறவர்களும் சிரிப்பார்கள். எனக்கு மட்டும் விளக்கோடு நடந்துபோன அந்தப் பெண்தான் கண்ணில் நிற்பார். போன மாதம் கேட்டுவிட்டேன்.

"அக்கா, அவர் கத்தாம இருந்திருந்தா, அந்தம்மாவை நீங்க நிறுத்தியிருப்பீங்களா?"